காலண்டரா, சென்சாரா, இடர் பட்டியலா? மின்கட்டமைப்பின் கருவிகளைப் பராமரிக்கும் வழிகள் ஓர் ஒப்பீடு

மின்கட்டமைப்பை நடத்தும் நிறுவனங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரு கொள்முதல் கோப்பாகத்தான் மேசைக்கு வருகிறது. கையில் இவ்வளவு பணம் இருக்கிறது; பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் எல்லாவற்றிலும் எண்ணெயில் கரைந்த வாயுவை அளக்கும் கருவியை மாட்டலாமா, அல்லது அதே பணத்தில் பழைய பிரேக்கர்களை (கோளாறு வந்தால் மின்சுற்றைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளை) மாற்றிவிடலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான கருவிகளில் எதை உடையும்வரை விட்டுவிடுவது, எதைத் தேதி பார்த்துப் பராமரிப்பது, எதன் நிலையைத் தொடர்ந்து அளப்பது, எதை அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்து மதிப்பிடுவது, இவை எதிலும் அடங்காமல் முழு வலையாக மட்டுமே பார்க்க வேண்டியது எது?

இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று போட்டி என்பதுபோல் விற்பனையாளர்கள் பேசுவார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் வேறொரு வகைப் பழுதுக்கான பதில். எது எங்கே பொருந்தும் என்று பார்க்க நான் பயன்படுத்தும் அளவுகோல் எளியது. ஒரு குறை முதன்முதலில் அளவுக்கு அகப்படும் நாளுக்கும் கருவி செயலிழக்கும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த அளவைப் பார்த்து, நம்பி, ஷட் டவுன் வாங்கி, உதிரி பாகத்தோடு ஆளை அனுப்ப நமக்கும் ஒரு காலம் பிடிக்கிறது. நமக்குப் பிடிக்கும் காலம் அந்த இடைவெளிக்குள் அடங்கினால்தான் கண்காணிப்பால் பயன்.

இடைவெளி நீளமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம் அண்மையில் நடந்தது. 2025 மார்ச் 20 இரவு மேற்கு லண்டனில் உள்ள நார்த் ஹைட் துணை மின்நிலையத்தில் 275 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தீப்பிடித்தது. சுமார் 67,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. ஹீத்ரோ விமான நிலையம் மறுநாளின் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. பழுதானது புஷ்ஷிங், அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் உலோகத் தொட்டிக்குள் மின்கம்பியை மின்காப்போடு நுழைக்கும் பகுதி. பிரிட்டனின் மின்சார அமைப்பு இயக்குநர் நிறுவனம் ஜூலையில் வெளியிட்ட விசாரணை அறிக்கை சொன்னது இது: அந்தப் புஷ்ஷிங்கின் எண்ணெயில் ஈரம் அதிகம் என்று 2018 ஜூலையிலேயே மாதிரிச் சோதனை காட்டியிருந்தது. அந்த அளவு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விதியும் இருந்தது. செய்யப்படவில்லை. 2022-ல் அதே டிரான்ஸ்ஃபார்மரின் வழக்கமான பராமரிப்பும் தள்ளிவைக்கப்பட்டது.

ஏறத்தாழ ஏழு ஆண்டு அவகாசம்! எந்தச் சென்சாரும் இதைவிட முன்கூட்டி எச்சரித்திருக்க முடியாது. குறை அளவீட்டில் இல்லை. அளவு ஆய்வகத்திலிருந்து புறப்பட்டு ஷட் டவுன் திட்டம் போடுபவரின் மேசைக்குப் போய்ச் சேரும் வழியில் இருந்தது. ஒப்பீடு முழுவதும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உடையும்வரை விடுவது, தேதி பார்த்துச் செய்வது

உடையும்வரை விடுவதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. கம்பத்தில் தொங்கும் சிறிய விநியோக டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் சரியான முடிவு. போனால் ஒரு தெரு இருளும், கிடங்கில் மாற்று இருக்கும், சில மணி நேரத்தில் மாற்றிவிடலாம். அதற்குச் சென்சாரும் தகவல் தொடர்பும் வைப்பதற்கு ஆகும் செலவு கருவியின் விலையை எட்டிப் பிடிக்கும். இரண்டு நிபந்தனைகள்: உடைந்தால் யாருக்கும் உயிராபத்து வரக்கூடாது, மாற்று உண்மையிலேயே கிடங்கில் இருக்க வேண்டும். பதிவேட்டில் மட்டும் இருந்தால் போதாது.

காலண்டர் முறை இதைவிடச் சிக்கலானது. ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திற, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மாற்று என்பதற்குப் பின்னால், வயது ஏறினால் பழுது ஏறும் என்ற நம்பிக்கை இருக்கிறது. விமானத் துறையில் இந்த நம்பிக்கை 1978-லேயே ஆட்டம் கண்டது. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலனும் ஹோவர்ட் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையில், ஆராய்ந்த விமானப் பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயதைச் சார்ந்த தேய்மானக் கட்டமே தென்படவில்லை என்று காட்டினார்கள். தேதி வந்துவிட்டது என்று நன்றாக ஓடும் ஒன்றைப் பிரித்து மாட்டினால் புதிய பழுதை நாமே உள்ளே வைத்து மூடுகிறோம்.

சரி, அந்த எண்ணை அப்படியே துணை மின்நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வரலாமா? கூடாது. டிரான்ஸ்ஃபார்மரின் சுருளைச் சுற்றியுள்ள காகிதம் நிச்சயமாக வயதாகும். ஆனால் அது காலண்டரைப் பார்த்து வயதாவதில்லை, வெப்பத்தைப் பார்த்து வயதாகிறது. சாதாரணக் காகிதத்துக்குச் சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரி செல்சியஸில் இருப்பதைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் சுமை வழிகாட்டி இயல்பான வயதாதல் என்று கொள்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் வயதாகும் வேகம் இரட்டிக்கிறது. அப்படியென்றால் 40 ஆண்டு பாதிச் சுமையில் ஓடிய டிரான்ஸ்ஃபார்மர் இளமையாகவும், 15 ஆண்டு கொதித்த டிரான்ஸ்ஃபார்மர் கிழமாகவும் இருக்கலாம். உற்பத்தி ஆண்டை மட்டும் வைத்து மாற்றும் வரிசை போடுகிறவர்கள் தவறான பெட்டியைக் கழற்றி விற்றுவிடுவார்கள்.

இருந்தாலும் காலண்டரை நான் முழுக்கக் கைவிடமாட்டேன். அதற்கென்று சொந்த நிலம் உண்டு: பழுதாகியும் வெளியே காட்டாத பொருட்கள். பாதுகாப்பு ரிலே (கோளாறைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி), பிரேக்கரின் ட்ரிப் காயில் (அந்தக் கட்டளை வந்ததும் அதைத் திறக்கவைக்கும் சுருள்), துணை மின்நிலையத்தின் பேட்டரி. பேட்டரி செத்திருப்பது, ஃபால்ட் (மின்கோளாறு) வந்து பிரேக்கர் திறக்க வேண்டிய அந்த நொடியில்தான் தெரியும். இவற்றின் நிலையைச் சுமையோ வெப்பமோ சொல்லாது. தேதி வைத்துச் சோதித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ரிலேக்களுக்கு மாற வேண்டும். அப்போதும் ரிலேயிலிருந்து பிரேக்கர் வரை போகும் கம்பியையும் காயிலையும் யாரோ ஒருவர்தான் இயக்கிப் பார்க்க வேண்டும். இன்னொன்று லைனுக்குக் கீழே வளரும் மரம். அது நிச்சயமாகக் காலத்தோடுதான் வளர்கிறது.

நிலை பார்த்துப் பராமரிப்பது

இதுதான் இன்று எல்லோரும் விரும்பும் வழி. விரும்புவதற்குக் காரணமும் உண்டு, ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் நிறையப் பேசும். உள்ளே சூடோ மின்பொறியோ உண்டானால் எண்ணெய் உடைந்து வாயுக்கள் பிறக்கின்றன. ஹைட்ரஜன் மட்டும் ஏறினால் பகுதி மின்கசிவை, அதாவது மின்காப்பின் ஒரு பகுதியில் மட்டும் நடக்கும் சிறு மின்பொறியைச் சந்தேகிக்கலாம். எத்திலீன் ஏறினால் எங்கோ உலோகம் கடுமையாகச் சூடாகிறது. அசிட்டிலீன் என்றால் வில்பொறி. கார்பன் மோனாக்சைடும் டை ஆக்சைடும் காகிதத்தின் கதையைச் சொல்லும். கனடாவின் மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்கைச் சேர்ந்த மிஷேல் டுவால் 1974-ல் வகுத்த முக்கோணம், மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் விகிதத்தை ஒரு புள்ளியாக்கிப் பழுதின் வகையைக் காட்டுகிறது. அரை நூற்றாண்டு கழித்தும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. வாயுவின் அளவைவிட அது ஏறும் வேகம் முக்கியம் என்பது எண்ணெய்ச் சோதனை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பல ஆண்டாக ஒரே அளவில் நிற்கும் வாயு பழைய தழும்பு மட்டுமே.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதா, டிரான்ஸ்ஃபார்மரிலேயே இருந்து தொடர்ந்து அளக்கும் ஆன்லைன் கருவி மாட்டுவதா என்பதை இங்கே நம் அளவுகோலே தீர்த்துவிடும். காகிதம் மெல்லச் சூடாவதுபோன்ற குறை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் முதிரும். ஆண்டுக்கொரு மாதிரி அதற்குப் போதும். சில வாரங்களில் முதிரும் பழுது இரண்டு மாதிரிகளுக்கு நடுவே பிறந்து, வளர்ந்து, வெடித்தும் முடித்துவிடும். அங்கேதான் ஆன்லைன் கருவி தன் விலைக்கு வேலை செய்கிறது. ஆனால் சில நாட்களில் எகிறும் அளவுக்குப் பதிலளிக்க, சில நாட்களில் ஷட் டவுன் கொடுக்கக்கூடிய வலை வேண்டும். ஓர் ஊருக்கே ஒரே டிரான்ஸ்ஃபார்மர் என்றால், சிவப்பு விளக்கு எரிகிறது என்பதற்காக யார் அதை நிறுத்தப்போகிறார்கள்? கருவி மாட்டும் முன்பே அந்த முடிவு எழுத்தில் இருக்க வேண்டும்: இந்த அளவு வந்தால் இன்னார், இத்தனை மணி நேரத்துக்குள், இதைச் செய்வார். அந்த வரியை எழுத முடியாத இடத்தில் சென்சார் வாங்குவது வீண் என்பது என் தீர்ப்பு.

விற்பனைக் கையேட்டில் வராத விஷயம் ஒன்றும் உண்டு. சென்சாரும் ஒரு கருவிதான். அதன் மின்னணுவியலும் மென்பொருளும் அது காவல் காக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு வெகுமுன்பே வயதாகிவிடும். ஆயிரம் சென்சார் மாட்டினால் பராமரிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் ஆயிரம் கூடுகிறது. பொய் எச்சரிக்கைகள் பெருகினால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் நிஜ எச்சரிக்கையையும் தட்டிவிட்டுப் போகப் பழகிவிடுவார்கள்.

அப்புறம், சென்சார் எப்போதும் விலையுயர்ந்த பொருளைத் தேடித்தான் போகிறது. 2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவில் 85 பேரைப் பலிகொண்ட கேம்ப் காட்டுத்தீ, 115 கிலோவோல்ட் லைனின் கோபுரம் ஒன்றில் இன்சுலேட்டரைத் தாங்கிய இரும்புக் கொக்கி தேய்ந்து அறுந்ததில் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக அங்கே தொங்கிய கொக்கி. அதன் விலை அற்பம். எந்த ஆன்லைன் கண்காணிப்புத் திட்டமும் கொக்கியில் தொடங்காது. அதைக் கண்டுபிடிக்கக் கோபுரத்தில் ஏறிய கண் ஒன்றோ, அருகே பறக்கும் டிரோன் கேமரா ஒன்றோ போதுமாக இருந்திருக்கும்.

இடர் பட்டியல்

நிலையை மட்டும் பார்த்தால் மோசமான கருவிக்கு முதலிடம் கிடைக்கும். இடர் முறையில், மோசமானதா என்பதோடு, போனால் யாருக்கு என்ன ஆகும் என்பதும் சேர்கிறது. பழுதாகும் வாய்ப்பையும் விளைவையும் பெருக்கி வரிசை போடுவார்கள். இதை ஒரு நாடளவில் செய்து காட்டியது பிரிட்டன். அங்கே மின் விநியோக நிறுவனங்கள் எல்லாம், ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெமின் ஒப்புதல் பெற்ற ஒரே பொது முறையைப் பின்பற்றுகின்றன. கருவியின் உடல்நிலைக்கு ஐந்து படிகள், முக்கியத்துவத்துக்கு நான்கு படிகள். விளைவில் பணச் செலவு, பாதுகாப்பு, சுற்றுச்சூழல், மின்தடை ஆகிய நான்கும் பவுண்டுக் கணக்கில் சேரும். பணத்தை எங்கே போடுவது என்பதை மேலிடத்துக்கும் ஆணையத்துக்கும் ஒரே மொழியில் விளக்க முடிகிறது என்பதே இதன் பெரிய பலன். ஒரே வயது, ஒரே தயாரிப்பு, ஒரே எண்ணெய் முடிவு கொண்ட இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு இரண்டு வேறு முடிவுகள் எடுக்க இந்த முறை துணிவு கொடுக்கிறது. ஐந்தில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் பட்டியல் என்பது வரிசை வரிசையாக எழுதப்படுவது. ஒவ்வொரு வரியும் மற்ற எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே கணக்கிடப்படுகிறது. 1998-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தவை நான்கு முக்கிய நிலத்தடிக் கேபிள்கள். ஜனவரியில் ஒன்று போனது. பிப்ரவரி 9-ல் இன்னொன்று. மிச்சமிருந்த இரண்டும் 19, 20 தேதிகளில் அடுத்தடுத்துப் போயின. நகர மையம் ஐந்து வாரம் ஜெனரேட்டர்களையும் அவசரமாக இழுத்த லைனையும் நம்பிக் கிடந்தது. நிலத்தடிக் கேபிள் தன் சூட்டை மண்ணுக்குத்தான் கொடுக்கிறது. மண் காய்ந்தால் சூடு வெளியேறாது, கேபிள் தாங்கும் மின்னோட்டம் குறையும். அது நான்கு கேபிளுக்கும் பொதுவான நிலை. ஒன்று விழுந்ததும் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறுகிறது. பட்டியலில் இது நான்கு தனித்தனி வரிகளாக இருக்கும், ஒவ்வொன்றின் எதிரிலும் மற்ற மூன்று தாங்கும் என்ற ஆறுதலோடு. உண்மையில் இருந்தது ஒரே ஓர் இடர்.

இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரே அகழியில் போகும் கேபிள்கள், ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த புஷ்ஷிங்குகள், ஒரே அமைப்பு எண்களை ஏற்றிய ரிலேக்கள், ஒரே பேட்டரியில் ஓடும் இரண்டு பாதுகாப்புகள் என்று கூட்டாகப் போகக்கூடியவற்றுக்குத் தனி வரி போட்டாலே பட்டியலின் முகம் மாறிவிடும்.

முழு வலையையும் பார்ப்பது

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். ஓஹையோவில் மூன்று 345 கிலோவோல்ட் லைன்கள் பிற்பகல் 3:05-க்கும் 3:41-க்கும் இடையே மரங்களைத் தொட்டு ட்ரிப் ஆயின. மூன்றிலும் சுமை அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. கம்பிக்கு நோயில்லை, கோபுரத்துக்கு நோயில்லை. மரம் வெட்டப்படவில்லை, அவ்வளவுதான். அதைவிட மோசம், கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2:14-க்கே செயலிழந்திருந்தது, அது செயலிழந்ததைச் சொல்லவும் எச்சரிக்கை எதுவும் இல்லை. 4:05-க்குப் பிறகு ஒரு ரிலே, தாழ்ந்த மின்னழுத்தத்தையும் மிகுந்த மின்னோட்டத்தையும் தொலைவிலுள்ள ஃபால்ட் என்று எண்ணி நல்ல லைன் ஒன்றைத் துண்டித்தது. அங்கிருந்து சரிவு சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

இந்தச் சரிவை எந்த எண்ணெய்ச் சோதனையும் காட்டாது. 2025 ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதும் வயதான கருவி ஒன்று உடைந்ததால் அல்ல. மின்னழுத்தம் கட்டுமீறி உயர, உற்பத்தி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. இங்கே வேண்டியது வேறு வகைக் கண்காணிப்பு. கட்டுப்பாட்டு அறைக்கு அளவுகளைத் திரட்டும் கணினி அமைப்பான ஸ்காடா சில நொடிக்கொருமுறை வலையைப் பார்க்கிறது. 1988-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் முதல் வடிவம் பெற்ற ஃபேசர் அளவிகள், செயற்கைக்கோள் நேரத்தோடு ஒத்திசைந்து, ஒரு நொடிக்குள் பலமுறை மின்னழுத்தத்தின் அளவையும் கோணத்தையும் (அதன் அலை மற்ற இடங்களைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்பதையும்) தருகின்றன. இரண்டு இடங்களுக்கு நடுவே கோணம் விரிவதைப் பார்த்தால் வலை எங்கே இழுபடுகிறது என்று தெரியும். எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் நடுவே இருப்பது நிமிடங்கள், சில வேளை நொடிகள். மனிதர் யோசித்துச் செயல்பட அது போதாது. சுமையைத் தானாகக் கழற்றும் ஏற்பாடு முன்கூட்டியே அமைந்திருந்தால்தான் இந்த அளவிகளால் பயன். இல்லையென்றால் இருளடைந்த பிறகு நடந்ததை அழகாக வரைந்து காட்டும்.

இயன் டாப்சன், பெஞ்சமின் கரேராஸ், டேவிட் நியூமன் ஆகியோரின் ஆய்வுகள் சங்கடமான ஒன்றையும் சொல்கின்றன. பெரிய மின்தடைகள், சாதாரணப் புள்ளியியல் எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி நடக்கின்றன. வலையை மேம்படுத்தினால், கிடைத்த கூடுதல் திறனைச் சுமை வந்து நிரப்பி, வலை மறுபடி விளிம்புக்கே போய் நிற்கிறது. சிறிய தடைகளைக் குறைக்கும் சில நடவடிக்கைகள் பெரிய தடைகளின் வாய்ப்பைக் கூட்டவும் கூடும் என்று அவர்களுடைய கணினி மாதிரிகள் காட்டின. கருவி நன்றாக இருக்கிறது என்று சென்சார் சொல்வதை வைத்து அதன் மேல் கூடுதல் சுமை ஏற்றும் ஒவ்வொரு திட்டத்திலும் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. கண்காணிப்பால் கிடைத்த கூடுதல் திறனைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வதா, வருமானமாக மாற்றுவதா என்பதை யாராவது பெயர் போட்டு முடிவெடுக்க வேண்டும். டிஜிட்டல் இரட்டை (வலையின் கணினி நகல்) என்ற பெயரில் இன்று விற்கப்படுபவற்றில் பல, நல்ல வரைபடத்தோடு கூடிய கருவிப் பட்டியல்தான். ரிலே தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள்; பதில் வந்தால் வாங்குங்கள்.

பணம் குறைவாக இருந்தால்

சிறிய நிறுவனம் என்றால் சென்சாரில் தொடங்க வேண்டாம். எந்தக் கருவி, எங்கே, எந்தத் தயாரிப்பு, எதோடு எதை மாற்றலாம் என்ற பதிவேடு சரியாக இருக்கிறதா என்று களத்தில் போய்ப் பார்ப்பதுதான் முதல் செலவு. அடுத்து ரிலே, பேட்டரி, ட்ரிப் சுற்று, மரம் ஆகியவற்றுக்குக் கறாரான காலண்டர். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு ஆண்டுக்கொரு எண்ணெய் மாதிரி. இதற்கு மேல் இடர் வரிசை போட்டு, அதன் உச்சியில் நிற்கும் சிலவற்றுக்கு மட்டும் ஆன்லைன் கருவி.

மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் பெரிய நிறுவனத்துக்கு வரிசை கொஞ்சம் மாறும். ஃபேசர் அளவிகளும் தானியங்கிப் பாதுகாப்பும் அங்கே முன்னே வரும், ஏனென்றால் அங்கே ஒரு கருவியின் பழுது அண்டை வலைவரை போகும். எச்சரிக்கை மென்பொருளையும் கட்டுப்பாட்டு அறைக் கணினிகளையும் டிரான்ஸ்ஃபார்மரோடு சமமாகக் கருவிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளரின் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். ஹீத்ரோவுக்கு மூன்று மின்வரவுகள் இருந்தன, போனது ஒன்றுதான். ஆனால் விமான நிலையத்தின் உள்வலையை மற்ற இரண்டுக்கும் மாற்றி அமைக்கப் பல மணி நேரம் பிடித்தது. வேலியோடு நின்றுவிட்ட எந்த விளைவுக் கணக்கும் இதைப் பிடித்திருக்காது.

இந்த வரிசைகளை எழுதி வைத்துவிட்டு மறந்துவிட முடியாததற்கு உடனடிக் காரணம் ஒன்றும் இருக்கிறது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஆர்டர் செய்தால் கையில் கிடைக்க இப்போது ஆண்டுக்கணக்கில் ஆகிறது. உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளின் முன் வரிசை நிற்கிறது. முன்பு சில மாதங்களில் மாற்றிவிடலாம் என்று நடுத்தர முக்கியத்துவம் கொடுத்து வைத்திருந்த டிரான்ஸ்ஃபார்மர், அதன் எண்ணெயில் ஒரு துளி வாயு ஏறாமலே, பட்டியலில் மேலே போயிருக்கும். எந்தச் சென்சாரிலும் இந்த மாற்றம் தெரியாது. கொள்முதல் பிரிவிடம் கேட்டால்தான் தெரியும்.